கொட்டகலையில் கடை, வீடு, ஸ்டோர்: ஐந்து கெமராவை எப்படிப் போடுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொட்டகலையில் ரோட்டோரம் பலசரக்குக் கடை, பின்னால் வீடு. சரிவில் எழுபது மீட்டர் கீழே மரக்கறி மூட்டை வைக்கும் ஸ்டோர். போன மாதம் ஸ்டோர் பூட்டை உடைத்திருக்கிறார்கள். கெமரா போடலாம் என்று விசாரித்தால், நாலு வைஃபை கெமரா போதும் என்கிறார் ஒருவர். வயர் இழுத்து என்.வி.ஆர்., அதாவது எல்லாக் கெமராவின் பதிவையும் சேர்த்து வைக்கும் பெட்டி, வைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். கத்தாரில் இருக்கும் மகன் போனில் பார்க்க வேண்டும். இரவில் பனிமூட்டத்தில் தெரியுமா, கரண்ட் போனால் என்ன ஆகும், ஹார்ட் டிஸ்க் எவ்வளவு வேண்டும் என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

அண்ணன், நான் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் பல வருடமாக இந்த வேலை செய்கிறேன். கள்ளன் உடைத்த கெமராவை நான் அதிகம் பார்த்ததில்லை. மழையும் இடியும் ஈரமும் கெடுத்ததைத்தான் மாதம் ஒன்றாவது கழற்றுகிறேன். அதனால் எத்தனை மெகாபிக்சல் என்று யோசிக்கும் காசில் பாதியை வயருக்கும் கரண்டுக்கும் ஒதுக்குங்கள். எட்டு மெகாபிக்சல் கெமரா வாங்கிவிட்டு மலிவு வயரில் கட்டியவர்கள்தான் என்னைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

வைஃபை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வைஃபை கெமரா கெட்ட சாமான் இல்லை. கல்லாப்பெட்டிக்கு மேலே ஒன்று மாட்டி உள்ளே பார்க்க நல்லதுதான். ஆனால் வைஃபை என்றாலும் கரண்டுக்கு வயர் இழுத்தே ஆக வேண்டும். பதிவு பெரும்பாலும் கெமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் இருக்கும். கெமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போய்விடும். இங்கே பழைய கட்டடங்களுக்குக் கருங்கல் சுவர், மேலே தகரம். இரண்டையும் தாண்டும்போதே சிக்னல் பாதியாகிவிடும். எழுபது மீட்டர் கீழே இருக்கும் ஸ்டோரை மறந்துவிடுங்கள். உங்கள் வேலைக்கு என்.வி.ஆர்.தான் சரி.

கடைக்குள் ஒன்று, கடை முகப்பில் ஒன்று, வீட்டின் பின்வாசலில் ஒன்று, ஸ்டோருக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஆக ஐந்து. நாலு சேனல் பெட்டி போதாது, எட்டு சேனல் வாங்குங்கள். நாளைக்கு இன்னொன்று மாட்டவும் இடமிருக்கும். கடைக்காரர் பின்பக்கத்திலேயே எட்டு பி.ஓ.இ. துளை உள்ள என்.வி.ஆரைக் காட்டி, குத்தினால் வேலை முடிந்தது என்பார். பி.ஓ.இ. என்றால் ஒரே நெட்வொர்க் வயரில் படமும் கரண்டும் போவது. கெமரா பக்கத்தில் பிளக் தேவையில்லை. அந்தப் பெட்டி ஒரே கட்டடத்துக்குள் அருமையாக வேலை செய்யும். உங்களுக்கு நான் சொல்வது வேறு: பி.ஓ.இ. இல்லாத சாதாரண என்.வி.ஆர்., தனியாக ஒரு பி.ஓ.இ. சுவிட்ச், அதாவது கெமரா வயர்களை ஒன்றுசேர்த்துக் கரண்டும் கொடுக்கும் பெட்டி.

இதற்கு இரண்டு காரணம். துளை உள்ள பெட்டியில் பொதுவாக ஒரு துளைக்கு ஒரு கெமராதான் கணக்கு. ஸ்டோரிலிருந்து ஒரே இணைப்பில் இரண்டு கெமரா வந்தால் அதுவாகப் பிடித்துக்கொள்ளாது, கெமரா போட வரும் பொடியன்கள் அரை நாள் தலையைச் சொறிவார்கள். இரண்டாவது காரணம் இடி. வயர் வழியாக இடி வந்தால் முதலில் சாவது வயர் குத்தியிருக்கும் துளைதான். செத்தது சுவிட்ச் என்றால் சுவிட்சை மாற்றினால் போதும். என்.வி.ஆர். என்றால் பெட்டியே போச்சு.

இடி பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்து இடிப்பது உங்களுக்கே தெரியும். சில வருடத்துக்கு முன் ஓர் இடத்தில், இரண்டு கட்டடத்துக்கு நடுவே அறுபது மீட்டர் செப்பு வயரைத் தேயிலைக்கு மேலே கம்பியில் கட்டி இழுத்தேன். அழகாகத்தான் இருந்தது. ஏப்ரல் மாதம் ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்த உயரமான மரத்தில் இடி விழுந்தது. வயரில் நேரடியாக விழவில்லை, பக்கத்தில்தான். இரண்டு கெமரா, சுவிட்சில் மூன்று துளை, ரவுட்டர், அதோடு அவர்களுடைய டீவி, எல்லாம் ஒரே நொடியில் போனது. தப்பு என்னுடையது. அரைவாசிச் செலவை நான்தான் ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து இரண்டு கட்டடத்துக்கு நடுவே செப்பு இழுப்பதில்லை, ஃபைபர்தான்.

ஃபைபர் என்றதும் பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் கொடுக்க இழுக்கிறார்களே, அந்தக் கறுப்பு வயர்தான். இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி, ஃபைபரின் ஒளியைச் சாதாரண நெட்வொர்க் வயருக்கு மாற்றிக் கொடுப்பது. கண்ணாடி நார் கரண்டைக் கடத்தாது, அதனால் அந்த வழியில் இடியும் வராது. ஒரு விஷயத்தை மட்டும் கூட நின்று பாருங்கள்: அந்த வயரோடு சேர்ந்து ஓர் இரும்புக் கம்பி ஓடும், தொங்கவிடுவதற்காக. அதை வெளிச்சுவரிலேயே கொக்கியில் கட்டி வெட்டிவிட வேண்டும். கம்பியையும் சேர்த்து உள்ளே கொண்டுவந்தால் ஃபைபர் போட்டதில் பாதிப் பலன் போய்விடும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். செப்பு வயர் கரண்டைக் கொண்டுபோகும், இடியையும் கொண்டுவரும். ஃபைபர் இரண்டையும் செய்யாது. ஆக ஸ்டோரில் கரண்ட் இருக்க வேண்டும், அங்கே ஒரு சின்ன பி.ஓ.இ. சுவிட்சும் கரண்ட் போனால் பட்டரியில் ஓட்டும் ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸும் வைக்க வேண்டும். ஸ்டோருக்கு லைன் இல்லை என்றால் வேறு வழியில்லை, செப்புதான். எழுபது மீட்டர் என்பது செப்பு நெட்வொர்க் வயரின் நூறு மீட்டர் எல்லைக்குள் இருப்பதால் வேலை செய்யும். அப்போது இரண்டு முனையிலும், இடியின் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் புரொடெக்டர் போட்டு, அதன் பச்சை மஞ்சள் வயரை உண்மையான எர்த்தில் கட்டுங்கள். எர்த் இல்லாத சர்ஜ் புரொடெக்டர் வெறும் டப்பா. இங்கே பல பழைய கட்டடங்களில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் இருக்காது. வயர்மேனைக் கூப்பிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

கட்டடத்துக்குள் இழுப்பது செப்பு வயர்தான். கேட் 6 என்ற நெட்வொர்க் வயர்ப் பெட்டி ஒன்றில் 305 மீட்டர் இருக்கும். பாதி விலைக்கு ஒரு பெட்டி காட்டினால், அது பெரும்பாலும் செப்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். ஒரு நாரைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படம் மட்டும் போகும் இடத்தில் அது எப்படியோ சமாளிக்கும். கரண்டும் போகும்போது, இரவு ஏழு மணிக்கு, இருட்டில் பார்ப்பதற்காகக் கெமராவில் இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் கெமரா அணைந்து அணைந்து எரியும். பகல் முழுவதும் நன்றாக இருந்ததே என்று நீங்கள் குழம்புவீர்கள்.

அடுத்தது ஈரம். கெமராப் பெட்டியில் ஐபி67 என்று போட்டிருக்கும், தண்ணீர் போகாது. உண்மைதான், கெமராவுக்குள் போகாது. பின்னால் தொங்கும் வாலில் இருக்கும் இணைப்புக்கு அந்தக் காப்பு கிடையாது. பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் மூடியும் ரப்பர் வளையமும் சின்னக் கவரில் கொடுத்திருப்பார்கள். அவசரத்தில் அதைப் போடாமலே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஆறு மாதத்தில் திறந்து பார்த்தால் எட்டுப் பின்னில் நாலைந்தில் பச்சைக் களிம்பு. ஆகவே மூடியைப் போட்டு, அந்த இணைப்பை ஒரு ஜங்ஷன் பெட்டிக்குள் வையுங்கள். வயர் சுவருக்குள் நுழையும் முன் அதைக் கீழே தொங்க வளைத்து மேலே ஏற்றுங்கள். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், ஓட்டைக்குள் போகாது. தகரத்துக் கூரையின் பீலிக்கு நேர் கீழே கெமரா வைக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் வைத்திருக்கிறார்கள்.

வயர் முனையில் ஆர்.ஜே.45 தலையை, அதாவது குத்தும் பிளக்கை, அடிக்கும்போது நிற வரிசையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கிளிப் கீழே இருக்க, இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது அல்லவா, அங்கேதான் புதுப் பொடியன்கள் தவறுவார்கள். வெளித்தோல் தலைக்குள் போய் அதன் பிடியில் சிக்க வேண்டும். நார் மட்டும் வெளியே தெரிந்தால் ஒரு வருடம் கூடத் தாங்காது.

இப்போது நீங்கள் அதிகம் கவலைப்பட்ட பனிமூட்டம். இரவில் ரம்பொடைப் பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பனியில் ஹை பீம் போட்டால் என்ன ஆகும்? முன்னால் வெள்ளைச் சுவர். கெமராவின் இன்ஃப்ராரெட் விளக்கும் அதே ஹை பீம்தான். விளக்கு லென்ஸைச் சுற்றியே இருப்பதால் ஒளி பனித்துளியில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வருகிறது. அறுபது மீட்டர் இரவுப் பார்வை என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் தெளிந்த இரவுக் கணக்கு. நல்ல பனியில் எந்தக் கெமராவும் ஐந்தாறு மீட்டருக்கு மேல் உருப்படியாகக் காட்டாது. விலை கூடியது வாங்கினாலும் இதுதான் கதை.

அதனால் செய்ய வேண்டியது இரண்டு. கெமராவைப் பார்க்க வேண்டிய இடத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். ஸ்டோர்க் கதவைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டோரிலேயே, கதவிலிருந்து மூன்று நாலு மீட்டரில் வையுங்கள். கடைக் கூரையிலிருந்து கீழே பார்க்கிற மாதிரி வைத்தால் மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளைத் துணிதான் தெரியும். மற்றது, வெளிச்சத்தைக் கெமராவிலிருந்து பிரியுங்கள். கதவுக்கு மேல் ஒரு எல்.ஈ.டி. பல்ப், கெமராவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில் எரியட்டும். கெமராவின் இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டு, நிறப் படமாகவே இரவும் ஓட விடுங்கள். போன ஜூனில் ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் இப்படி மாற்றினேன். அதற்கு முன் ஆள் உருவம் சாம்பல் நிழலாகத் தெரிந்த இடத்தில், பிறகு கம்பளித் தொப்பியின் சிவப்பு நிறமும் கையில் இருந்த சாக்கும் தெரிந்தன. கெமரா அதேதான், பல்ப் மட்டும் புதியது.

இன்ஃப்ராரெட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன் ஒரே ஒரு நூல் கட்டினால் போதும், இரவில் கயிறு தொங்குகிற மாதிரி இருக்கும். வாரம் ஒருமுறை விளக்குமாற்றால் தட்டிவிடுங்கள். வெளியே டோம் கெமரா வேண்டாம். அந்தக் கண்ணாடிக் குமிழில் ஈரம் படிந்தால் இன்ஃப்ராரெட் உள்ளேயே பிரதிபலிக்கும். நீட்டுக் கெமரா, அதாவது புல்லட் மாடல் போதும்.

உயரம் இரண்டரை முதல் மூன்று மீட்டர். நம் ஊரில் ஆட்கள் குடை, மழைக்கோட்டு, தொப்பி, தலையில் துண்டு என்றுதான் நடமாடுவார்கள். ஐந்து மீட்டர் உயரத்தில் வைத்தால் குடையின் மேல்பக்கம் மட்டும் பதிவாகும். முகம் வேண்டுமென்றால் கடைக்குள் வாசலை நேராகப் பார்க்கிற மாதிரி ஒன்று, அதுவும் குடையை மடக்கும் இடத்தில்.

மெகாபிக்சல் கணக்கையும் பார்த்துவிடுவோம். முன்பின் தெரியாதவர் முகத்தை அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐரோப்பியத் தரநிலை. நாலு மெகாபிக்சல் படம் 2560 பிக்சல் அகலம், ஆகப் பத்து மீட்டர் அகலக் காட்சி வரைதான் முகம் தேறும். 2.8 மி.மீ. லென்ஸில் அது ஏறக்குறைய நாலு மீட்டர் தூரம், 4 மி.மீ. லென்ஸில் ஆறு மீட்டர். அதற்கு அப்பால் ஆள் நடக்கிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது. உங்களுக்கு நாலு மெகாபிக்சல் தாராளம்.

ஹார்ட் டிஸ்க். இதை மனதில் வையுங்கள்: ஒரு கெமரா நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளுக்கு 10.8 ஜி.பி. நாலு மெகாபிக்சல், ஹெச்.265 என்ற படத்தைச் சுருக்கிப் பதியும் முறை, நொடிக்கு 15 படம் என்று வைத்து உச்ச வேகத்தை 2 மெகாபிட்டில் கட்டினால், ஐந்து கெமராவுக்கு நாளுக்கு 108 ஜி.பி. 2 டி.பி. டிஸ்க் பதினெட்டு நாள் வரும், 4 டி.பி. முப்பத்தாறு நாள். களவு போனதையே மூன்று வாரம் கழித்துக் கண்டுபிடிப்பது ஸ்டோரில் சகஜம், 4 டி.பி. வாங்குங்கள். பழைய கணினியில் கழற்றியது வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் என்று இருபத்துநாலு மணி நேரமும் எழுதுவதற்கென்றே வருகிறது. ஸ்டோரில் உள்ள இரண்டு கெமராவிலும் ஒவ்வொரு மெமரி கார்டும் போட்டுவிடுங்கள். யாராவது ஃபைபரை வெட்டினாலும் அதிலே பதிவாகும்.

என்.வி.ஆரை டீவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே வருகிறவன் முதலில் அதைத்தான் தூக்குவான். அலுமாரியின் மேல்தட்டில், காற்றுப் போகிற மாதிரி, பூட்டி வையுங்கள். விறகு அடுப்புப் புகை வரும் இடம் வேண்டாம், ஒரு வருடத்தில் உள்ளே இருக்கும் ஃபேனில் தார் மாதிரி படிந்துவிடும்.

கரண்ட். 2022-இல் நாள் கணக்கில் மணிக்கணக்காக இருட்டில் உட்கார்ந்திருந்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடே இருண்டது. அதெல்லாம் இல்லாத நாளிலும் மழை பெய்தால் மரம் விழுந்து நம் பக்கம் லைன் போகும். ஐந்து கெமரா, என்.வி.ஆர்., சுவிட்ச், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து இரவில் 55, 60 வாட் எடுக்கும். சாதாரண 650 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஏ.ஹெச். பட்டரி, கணக்குப்படி 84 வாட் மணி. நடைமுறையில் முக்கால் மணி நேரம் ஓடினால் பெரிய விஷயம். இரவு முழுவதும் ஓட வேண்டுமென்றால் இன்வெர்ட்டரும் 100 ஏ.ஹெச். பட்டரியும்தான். யூ.பி.எஸ். ரவுட்டருக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். கெமரா ஓடிக்கொண்டிருந்து ரவுட்டர் அணைந்தால் பதிவு நடக்கும், ஆனால் மகனுக்கு ஒன்றும் தெரியாது.

கரண்ட் வந்து போகும் ஊரில் இன்னொரு வேலை கட்டாயம்: ஒவ்வொரு கெமராவுக்கும் நிலையான ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்கென்று மாறாத ஓர் இலக்கம். 192.168.1.101-இலிருந்து 105 வரை கொடுத்து, ரவுட்டர் தானாகப் பங்கிடும் எல்லைக்கு வெளியே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் ரவுட்டர் புதுப் புது இலக்கமாகக் கொடுக்கும், என்.வி.ஆர். பழைய இலக்கத்தில் தேடிக்கொண்டிருக்கும். திரையில் இரண்டு கட்டம் கறுப்பாக நிற்கும்.

கத்தார் மகனுக்கு: 4ஜி ரவுட்டரில் பொதுவாக உங்களுக்கென்று தனிப் பொது ஐ.பி. கிடைக்காது, அதனால் போர்ட் திறக்கும் வேலை, அதாவது நெட்டிலிருந்து நேராக உங்கள் பெட்டிக்கு வழி விடுவது, நடக்காது. நடந்தாலும் செய்ய வேண்டாம். 2016-இல் மிராய் என்ற கெட்ட நிரல் உலகம் முழுக்கப் பூந்தது, தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் நெட்டில் திறந்து வைத்த கெமராவும் ரெக்கார்டரும்தான் அதற்கு வழி. கொம்பனி ஆப்பில் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்யும் முறை போதும். அவர் பார்க்கும்போது சப் ஸ்ட்ரீம் என்ற சின்னப் படத்தில் பார்க்கச் சொல்லுங்கள்: 512 கிலோபிட்டில் ஒரு கெமராவுக்கு மணிக்கு 230 எம்.பி. பெரிய படத்தில் பார்த்தால் மணிக்கு 900 எம்.பி., அதுவும் உங்கள் டேட்டாவில்தான் கழியும்.

இதில் ஒரு வம்பு அடிக்கடி நடக்கிறது. போட வரும் ஆள் தன் போனிலேயே ஆப்பைத் திறந்து, தன் கணக்கில் பெட்டியைச் சேர்த்துவிட்டு, உங்களுக்கு அதிலிருந்து பங்கு கொடுப்பார். அவசரத்தில் செய்வதுதான், எல்லோரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் உங்கள் வீட்டின் சாவி அவரிடம் இருக்கிற மாதிரி. உங்கள் போனில், உங்கள் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, முதல் ஆளாக நீங்கள் சேருங்கள். பாஸ்வேர்டைக் கடைக் கணக்குக் கொப்பியில் எழுதி வையுங்கள், மறந்தால் திரும்ப எடுப்பது பெரிய பாடு.

அப்புறம் அக்கம்பக்கம். பின்வாசல் கெமரா பக்கத்து லயத்து இஸ்தோப்பையும், அதாவது முன் விறாந்தையையும், பீலிக்கரையையும் பார்க்கிறதா என்று பாருங்கள். பெண்கள் குளிக்கும் இடத்தை நோக்கி ஒரு கெமரா நின்றால், கள்ளனைப் பிடிக்கும் முன் ஊரோடு சண்டை வந்துவிடும். அமைப்பில் பிரைவசி மாஸ்க் என்று இருக்கும், அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மூடலாம். அதைவிட நல்லது கோணத்தையே திருப்புவது. மூடியிருக்கிறது என்று நீங்கள் சொன்னாலும் அடுத்த வீட்டார் எப்படி நம்புவார்கள்? ஒலிப்பதிவையும் அணைத்துவிடுங்கள்.

அசைவு எச்சரிக்கையைச் சும்மா திறந்துவிட்டால் பனியும் மழையும் தேயிலை ஆடுவதும் சேர்ந்து இரவில் இருநூறு தடவை போன் அடிக்கும், மூன்றாம் நாள் மகன் அணைத்துவிடுவார். மனிதர் என்ற வடிகட்டி உள்ள மாடல் வாங்கி, ஸ்டோர்க் கதவைச் சுற்றி மட்டும் கோடு போடுங்கள். பிறகும் எப்போதாவது நாயும் காட்டுப்பன்றியும் வரும். சிறுத்தை வந்தால் ஊருக்கே காட்டலாம்.

நேரத்தைச் சரிபாருங்கள். நேர வலயம் கூட்டல் 5:30, தானாகத் திருத்தும் வசதி திறந்திருக்க வேண்டும். பெட்டி சீன நேரத்திலேயே ஓடினால் பதிவில் நேரம் இரண்டரை மணி கூடுதலாகக் காட்டும், பொலிஸில் கொடுக்கும்போது சங்கடம்.

வேலை முடிந்தது என்று அவர்கள் சாமான் கட்டும்போது, முந்தின இரவுப் பதிவில் பத்து நிமிடத்தை ஒரு பென் டிரைவில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைக் கொண்டுபோய் வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அது ஓடி, ஸ்டோர்க் கதவும் நேரமும் சரியாகத் தெரிந்த பிறகு மீதிக் காசைக் கொடுங்கள்.